40 லென்ஸ்ல மங்கலா தெரியுதா? மைக்ராஸ்கோப் மக்கர் பண்ணா எங்க இருந்து பாக்கணும்

புதுசா மைக்ராஸ்கோப் வாங்கினவங்ககிட்ட இருந்து வர்ற ஃபோன் முக்காவாசி ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கும்: "அண்ணா, லென்ஸு போயிடுச்சு போல." ரிப்பேருக்குன்னா இங்க தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் இருந்து சேலமோ பெங்களூரோ போயாகணும், அதனால பாலக்கோடு, பென்னாகரம், அரூர் பக்கம் யாரு வாங்கினாலும் டப்பாவோட மொதல்ல நம்ம வீட்டுத் திண்ணைக்குத்தான் வரும். வந்ததுல லென்ஸ் நிஜமாவே போனது ரொம்பக் கம்மி. ஸ்லைடைத் தலைகீழா வெச்சிருப்பாங்க, கவர் ஸ்லிப் (பொருள் மேல மூடுற மெலிசு கண்ணாடி) ரெண்டு ஒட்டிக்கிட்டு இருக்கும், கண்டென்சர் (ஸ்லைடுக்கு அடில வெளிச்சத்தைக் குவிக்கிற லென்ஸ்) கீழ எறங்கிக் கெடக்கும், இவ்வளவுதான். ஃபோன்லயே எல்லாருக்கும் சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது, அதான் ஒரே எடத்துல எழுதிட்டேன்.

இது சாதா ஸ்டூடண்ட் மாடலுக்கு. அம்பாலால செஞ்சு வருதே அந்த மாதிரி, 4, 10, 40 லென்ஸ் (அத்தனை மடங்கு பெருசாக்கும்), சிலதுல 100-ம் இருக்கும், ஐபீஸ், அதாவது கண்ணு வெச்சுப் பாக்குற லென்ஸ், 10 இல்லன்னா 15, கீழ கண்ணாடியோ எல்இடியோ. எந்தக் கோளாறா இருந்தாலும் பாக்குற வரிசை ஒண்ணுதான்: ஸ்லைடு, அப்புறம் வெளிச்சம், அப்புறம் அழுக்கு, அப்புறம் திருகு, கடைசிலதான் லென்ஸ். செலவும் இதே வரிசைலதான் ஏறும், அதனால மேல இருந்து கீழ வாங்க, ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்துங்க.

இன்னொண்ணு. கடைல விக்கிற ரெடிமேட் ஸ்லைடு ஒண்ணு, எறும்புக் காலோ தண்டு வெட்டோ எதுவா இருந்தாலும் சரி, வாங்கி தனியா வெச்சுக்குங்க. அது நல்லா தெரிஞ்சா மைக்ராஸ்கோப் நல்லாத்தான் இருக்கு, கோளாறு நீங்க செஞ்ச ஸ்லைடுல. அதுவும் தெரியலன்னாதான் மெஷினைச் சந்தேகப்படணும். இந்த ஒரு சோதனைலயே பாதி ஃபோன் நின்னுடும்.

"ஒரே இருட்டு, எதுவுமே தெரியல"

மொதல்ல லென்ஸ் சுத்துற அந்தத் தட்டைப் பாருங்க, லென்ஸ் சரியா எடத்துல வந்து உக்காந்தா "டிக்"குனு ஒரு சத்தம் வரும், அது வரலன்னா முழு இருட்டோ பாதி நிலா மாதிரி வெளிச்சமோதான் வரும். அது சரின்னா ஸ்டேஜுக்கு (ஸ்லைடு வைக்கிற மேடை) அடில இருக்குற ஐரிஸ் (வெளிச்சம் வர்ற ஓட்டையைச் சுருக்குற மூடி) குச்சியைத் தள்ளித் தெறந்து விடுங்க, சின்னப் பசங்க வெளையாடி மூடி வெச்சிருப்பாங்க. கண்டென்சர் ஒரு பக்கமா நகர்ந்திருந்தா நடுவுக்குக் கொண்டு வாங்க.

கண்ணாடி வெச்ச மாடலா? 4 லென்ஸைப் போட்டு, ஐபீஸைக் கழட்டிட்டு, வெறும் குழாய்க்குள்ள பாத்துக்கிட்டே கண்ணாடியைத் திருப்புங்க, வட்டம் முழுசும் வெள்ளையா நெறையணும். கண்டென்சர் இருந்தா தட்டைப் பக்கம், இல்லன்னா குழிப் பக்கம். வெள்ளைச் சுவத்தைப் பாத்து வைங்க, ஜன்னல் வழியா வானத்தைப் பாத்தும் வைக்கலாம். சூரியனை நோக்கி மட்டும் எந்தக் காலத்துலயும் திருப்பாதீங்க, மேல ஏப்ரல் மாச வெயில், ஐபீஸ்ல உங்க கண்ணு, சொல்லவே வேணாம். பசங்க கைல குடுக்குறப்போ வீட்டுக்குள்ளயே வெச்சுப் பாக்கச் சொல்லுங்க.

எல்இடி மாடலா? அடாப்டரை வேற பிளக்ல போட்டுப் பாருங்க, அதே வோல்ட் வேற அடாப்டர் கெடைச்சா மாத்திப் பாருங்க, எல்இடியவிட அடாப்டர் போறதுதான் ஜாஸ்தி. பழைய மாடல்ல 6 வோல்ட் 20 வாட் ஹாலஜன் பல்பு இருக்கும், ஒயரைப் பிடுங்கி, நல்லா ஆறின பிறகு, பேப்பர்ல புடிச்சு மாத்துங்க, வெறும் வெரல் படக்கூடாது. பியூஸ் போட்டதும் திரும்பத் திரும்பப் போகுதுன்னாலோ கருகுன வாசனை வந்தாலோ நிறுத்திடுங்க. அதுக்கு மைக்ராஸ்கோப் ஆளு தேவையில்ல, மிக்ஸி ரிப்பேர் பண்ற உள்ளூர் அண்ணனே போதும்.

"வெளிச்சம் நல்லா இருக்கு, ஆனா பொருளைக் காணோம்"

நேரா 40-ஐப் போட்டுத் தேடுறதால வர்ற வெனை. 18 மி.மீ. வட்டம் தெரியுற சாதா 10 ஐபீஸ்ல 4 லென்ஸ் போட்டா நாலரை மில்லிமீட்டர் அகலத்துக்கு எடம் தெரியும், 10 போட்டா 1.8, 40 போட்டா 0.45 மி.மீ.தான். அரை மில்லிமீட்டர் கூட இல்லாத எடத்துல பாரமீசியம் மாதிரி ஒத்தச் செல்லு ஜீவனைத் தேடுனா எப்படி மாட்டும்? 4-ல கண்டுபிடிச்சு, அச்சு நடுவுல கொண்டு வந்து, 10-க்கு மாத்தி, திரும்ப நடுவுல வெச்சு, அப்புறம்தான் 40.

4-லயே ஃபோகஸ் எங்க இருக்குன்னு புடிபடலயா? கவர் ஸ்லிப் மேல மார்க்கர் பேனாவால ஓரமா ஒரு சின்னப் புள்ளி வைங்க, அந்தப் புள்ளியை ஃபோகஸ் பண்ணுங்க, பொருளும் அதுக்குக் கொஞ்சம் கீழதான் இருக்கும். பொருள் நெறமே இல்லாம ஒளி ஊடுருவுற மாதிரி இருந்தா, உதாரணத்துக்கு சாயம் போடாத வெங்காயத் தோல், ஐரிஸைக் கொஞ்சம் மூடுங்க, சட்டுனு கோடு கோடா எழும்பி வரும். சாயத்துக்கு கெமிக்கல் கடை தேடி அலைய வேணாம், மீன் தொட்டி கடைல மெத்திலீன் ப்ளூ கெடைக்குது, ஒரு சொட்டை நல்லா தண்ணில கலந்து விட்டாலே போதும்.

கொட்டை எழுத்துல சொல்ல வேண்டியது: கறுப்பா தடிச்ச வளையம் போட்டு, நடுவுல பளபளன்னு, அச்சு வட்டமா ஒண்ணு தெரிஞ்சா அது காத்துக் குமிழி. செல்லு கெடையாது, முட்டை கெடையாது, புது ஜீவனும் கெடையாது. கவர் ஸ்லிப்பை அப்படியே மேல இருந்து போடாம ஒரு ஓரத்தை மொதல்ல தண்ணில தொட்டு, ஊசியால தாங்கிக்கிட்டே மெதுவா சாய்ச்சா குமிழி வராது.

"4, 10-ல பளிச்சுனு இருக்கு, 40 போட்டா மங்கல்"

இதான் ராஜா கோளாறு. திண்ணைக்கு வர்றதுல பெரும்பாலானது இதுதான், அதனால நீட்டியே எழுதறேன். ஒண்ணு மட்டும் மனசுல வைங்க, 40 லென்ஸ் ஃபோகஸ் ஆகுறப்போ அதோட மூக்குக்கும் கவர் ஸ்லிப்புக்கும் நடுவுல இருக்குற எடம் அரை மில்லிமீட்டர் சொச்சம்தான். ஸ்லைடு கண்ணாடியோட தடிமனே 1 மி.மீ. கீழ இருக்குற தொந்தரவு எல்லாம் இதுல இருந்துதான் கெளம்புது.

ஸ்லைடு தலைகீழா இருக்கா? 4-ம் 10-ம் ரொம்பத் தூரத்துல இருந்தே ஃபோகஸ் ஆகிடும், அதனால தலைகீழா வெச்சாலும் நல்லாவே தெரியும், 40 மட்டும் கண்ணாடில போய் முட்டும். நகத்தால மெதுவா தடவிப் பாருங்க, கவர் ஸ்லிப் விளிம்பு மேல் பக்கம் தட்டுப்படணும். சிரிக்காதீங்க, பள்ளிக்கூட லேபுலயே இதைப் பாத்திருக்கேன்.

கவர் ஸ்லிப் எப்படி இருக்கு? 40 லென்ஸ் உடம்புல 160/0.17-னு எழுதியிருக்கும், 160 குழாய் நீளம், அந்த 0.17 கவர் ஸ்லிப்போட தடிமன், ரெண்டும் மில்லிமீட்டர்ல. அதை நம்பித்தான் அந்த லென்ஸைச் செஞ்சிருக்காங்க. கவர் ஸ்லிப்பே போடாம பாத்தா மங்கும், ரெண்டு ஒட்டிக்கிட்டு இருந்தாலும் மங்கும், ஒட்டிக்கிட்டு இருக்குறது கண்ணுக்குத் தெரியவே தெரியாது, வெளிச்சத்துல சாய்ச்சு வெரலால தேய்ச்சுப் பிரிச்சாதான் தெரியும். பொம்மை கிட்டோட வர்ற பிளாஸ்டிக் கவர், செல்லோடேப், ஓஎச்பி ஷீட் வெட்டினது இதெல்லாம் 10 வரைக்கும் ஓட்டலாம், 40-க்கு ஆகாது. டப்பால 1-னு நம்பர் போட்டிருந்தா 0.13-ல இருந்து 0.16, ஒன்றரைன்னு இருந்தா 0.16-ல இருந்து 0.19, ரெண்டுமே ஓகே.

தண்ணி ஜாஸ்தியா? கவர் ஸ்லிப் தண்ணில மெதக்குதுன்னா அந்தத் தண்ணியும் சேந்து தடிமனாத்தான் கணக்காகும். டிஷ்யூ பேப்பர் முனையை ஓரத்துல வெச்சா தானா உறிஞ்சிடும். பொருளும் மெலிசா இருக்கணும், முழு எலையை அப்படியே வெச்சுட்டு 40-ல தெரியலன்னா அதுக்கு யாரும் பொறுப்பில்ல. எலைத் துண்டைக் கேரட்டுக்குள்ள கீறிச் சொருகி, புது பிளேடால கேரட்டோட சேத்துச் சீவுங்க, சீவுனதுல ரொம்ப மெலிசா, பாதி கிழிஞ்ச மாதிரி இருக்குதே அதான் நல்ல துண்டு.

கண்டென்சர், ஐரிஸ். கண்டென்சரை ஸ்லைடைத் தொடுற அளவுக்கு மேல ஏத்துங்க, பெரும்பாலும் கீழ எறங்கித்தான் கெடக்கும். 40-ல ஃபோகஸ் வெச்சுட்டு ஐபீஸைக் கழட்டி குழாய்க்குள்ள எட்டிப் பாருங்க, ஒரு வெளிச்ச வட்டம் தெரியும், ஐரிஸை மூட மூட அந்த வட்டம் சுருங்கும், முக்கால் அகலம் இருக்குற மாதிரி நிறுத்திட்டு ஐபீஸைத் திருப்பிப் போடுங்க. ரொம்ப மூடுனா எல்லாத்துக்கும் ரெட்டைக் கோடு விழும், முழுசா தெறந்தா வெளுத்துப் போகும். வெளிச்சம் கூடக் கொறையன்னா பல்பு திருகைத் தொடுங்க, அதுக்குன்னு ஐரிஸைத் தொடாதீங்க.

லென்ஸ் மூக்குல அழுக்கா? இங்கதான் நெறைய பேரு சட்டை நுனியை எடுக்குறாங்க. கொஞ்சம் பொறுங்க. ஐபீஸைக் கழட்டித் தலைகீழா புடிச்சா அதுவே நல்ல பூதக்கண்ணாடி, அதை வெச்சு 40 லென்ஸ் மூக்கைப் பக்கத்துல கொண்டு வந்து பாருங்க. வட்டம் முழுசும் ஒரே பளபளப்பா இருக்கணும், மேகம் மாதிரி படலம் இருந்தா அது காஞ்ச எண்ணெய், லேபுல இருந்து செகண்ட் ஹேண்டா வாங்கினதுல இது நிச்சயம் இருக்கும், 100-க்கு எண்ணெய் விட்டுட்டு அப்படியே 40-க்குத் திருப்பியிருப்பாங்க. தொடைக்கிறதுக்கும் வரிசை இருக்கு: மொதல்ல ரப்பர் பந்தை அமுக்கிக் காத்து ஊதி, அப்புறம் வாயால ஆவி விட்டு லென்ஸ் டிஷ்யூ, அதுக்கும் போகலன்னா ஐசோபுரோபைல் ஆல்கஹால் ஒரே ஒரு சொட்டு டிஷ்யூல நனைச்சு, நடுவுல இருந்து வெளிப்பக்கமா சுத்திச் சுத்தி. லென்ஸ் மேல நேரா ஊத்தாதீங்க, உள்ள எறங்கி கண்ணாடியை ஒட்டியிருக்குற பசையை இளக்கிடும். நெயில் பாலிஷ் ரிமூவர், தின்னர் பக்கமே போகாதீங்க.

ஊதாம தொடைக்கக்கூடாதுன்னு ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, நம்ம ஊரு தூசி சாதா தூசி இல்ல. கிருஷ்ணகிரி பக்கம் பூரா கிரானைட் குவாரியும் பாலிஷ் பட்டறையும், அந்தத் தூள்ல குவார்ட்ஸ் இருக்கு, அது லென்ஸ் கண்ணாடியவிட கெட்டி. சட்டை நுனியால ஒரு தேய் தேய்ச்சா உப்புக் காகிதம் போட்ட மாதிரிதான்.

திருகு பாதிலயே முட்டி நின்னுடுதா? படம் தெளிவாகிட்டே வரும், சட்டுனு பெரிய திருகு நின்னுடும், அதுக்கு மேல ஸ்டேஜ் ஏறாது. ஸ்லைடு ஒடையாம இருக்கணும்னு ஸ்டேஜுக்குப் பின்னாடியோ கீழயோ ஒரு தடுப்பு ஸ்க்ரூ வெச்சிருப்பாங்க, அது ரொம்ப எறக்கி வெச்சிருக்கு. லாக் நட்டைத் தளர்த்தி கால் சுத்து, கால் சுத்தா விட்டு, 40-ல ஃபோகஸ் வந்து அதுக்குக் கொஞ்சம் மேல நிக்கிற மாதிரி வெச்சு இறுக்குங்க. முழுசா கழட்டிப் போட்டுடாதீங்க, அப்புறம் ஒடையுறது ஸ்லைடு மட்டுமா இருக்காது. சின்ன திருகும் கடைசி வரைக்கும் போயிருந்தா அதே மாதிரி நிக்கும், அதைப் பாதிக்குக் கொண்டு வந்துட்டு பெரிய திருகால திரும்ப ஆரம்பிங்க.

40-ஓட மூக்கு உள்ள போய் மாட்டிக்கிச்சா? 40-லயும் 100-லயும் முன்னாடி ஸ்பிரிங் இருக்கு, லேசா அழுத்தினா உள்ள போய் வெளிய வரணும். எண்ணெய் காஞ்சு உள்ளயே ஒட்டியிருந்தா ஃபோகஸ் எடம் ரொம்பத் தள்ளிப் போயிடும். ஓரத்துல ஆல்கஹால் தொட்ட பஞ்சால தொடைச்சு மெதுவா அசைச்சா பெரும்பாலும் விடும். லென்ஸே நுனி மரைல தொங்கிக்கிட்டு இருக்கான்னும் பாத்துடுங்க, கையால திருகி இறுக்குனாலே சரியாகுற கேஸும் உண்டு.

இவ்வளவும் பாத்தாச்சு, இன்னும் மங்கல். இப்பத்தான் லென்ஸைச் சந்தேகப்படலாம். ஆனா அதுக்கும் ஒரு சோதனை இருக்கு: சாதா லென்ஸ் எல்லாத்துக்கும் மரை ஒரே அளவு, அதனால உங்க 40-ஐக் கழட்டி பக்கத்துப் பள்ளிக்கூடத்துலயோ ஃப்ரெண்டுகிட்டயோ இருக்குற மைக்ராஸ்கோப்புல மாட்டிப் பாருங்க. அங்கயும் மங்கல்னா லென்ஸ் போச்சு. அங்க நல்லா தெரிஞ்சா கோளாறு உங்க குழாய்லயோ கண்டென்சர்லயோ. லென்ஸ் உள்ள வானவில் நெறத்துல திட்டு, எலை நரம்பு மாதிரி கீறல் இதெல்லாம் ரெண்டு கண்ணாடியை ஒட்டுன ஒட்டு விட்டுப்போன அடையாளம். அதைப் பிரிச்சு ஒட்டுறது நம்மளால ஆகாது, சர்வீஸ்காரரும் புதுசு வாங்கச் சொல்வாரு, சாதா மாடலுக்குப் புது 40 வாங்குறதே கட்டுப்படியாகும். வாங்குறப்போ 160-னு எழுதினதுதான்னு பாருங்க, படுத்த எட்டு மாதிரி குறி போட்டது வேற ஜாதி, நம்ம மாடலுக்குச் சேராது.

அப்புறம் 25 ஐபீஸ் போட்டு "ஆயிரம் மடங்கு மங்கலா இருக்கு"ன்னு சொல்றவங்களுக்கு: அது கோளாறே இல்ல. 40 லென்ஸ்ல 0.65-னு ஒரு நம்பர் இருக்கும், அதை ஆயிரத்தால பெருக்குனா 650, அந்த அளவுதான் உருப்படியான உருப்பெருக்கத்துக்கு எல்லை. அதுக்கு மேல பெருசாகும், புதுசா ஒண்ணும் தெரியாது. விளம்பரத்துல 2000 மடங்குன்னு போட்டு விக்கிறானுங்களே, அந்தக் காசுக்கு நல்ல கவர் ஸ்லிப் பத்து டப்பா வாங்கலாம்.

"புள்ளி, முடி, நூலு மாதிரி எப்பவும் ஒண்ணு நிக்குது"

எதைத் திருப்புனா அது நகருதுன்னு பாருங்க, வேலை முடிஞ்சுது. ஐபீஸைத் திருப்புறப்போ கூடவே சுத்துனா ஐபீஸ்ல அழுக்கு. ஸ்லைடை நகத்தினா நகர்ந்தா ஸ்லைடுல. கண்டென்சரை ஏத்தி எறக்கினா மங்கிப் போச்சுன்னா கண்டென்சர் மேலயோ பல்பு மூடி மேலயோ. எதுக்கும் அசையாம நீங்க கண்ணை உருட்டுறப்போ மட்டும் மெதக்குற நூலு உங்க கண்ணுக்குள்ள இருக்குறது, வெளிச்சமான வட்டத்தைப் பாக்குறப்போ எல்லாருக்கும் தெரியுறதுதான். திடீர்னு எக்கச்சக்கமா கூடினாலோ மின்னல் மாதிரி அடிச்சாலோ மைக்ராஸ்கோப்பை மூடி வெச்சுட்டு அன்னிக்கே கண் டாக்டர்கிட்ட போயிடுங்க, அது வேற விஷயம்.

சதுரம் சதுரமா, ஊசி ஊசியா அழகா படிகம் தெரியுதுன்னு ஃபோட்டோ அனுப்புறவங்க நெறைய. அது போர் தண்ணி உப்பு. நம்ம மாவட்டத்துத் தண்ணி பத்தி தனியா சொல்லணுமா, ஃப்ளோரைடுக்குன்னே ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் கொண்டு வந்த ஊரு. ஸ்லைடை அந்தத் தண்ணில கழுவி அப்படியே காய வெச்சா வெள்ளைப் படலம் நிக்கத்தான் செய்யும். ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்க, நுரைச்சுக் கரைஞ்சா சுண்ணாம்பு. கடைசி அலசலுக்கு மட்டும் பேட்டரிக்கு ஊத்துற டிஸ்டில்ட் வாட்டர், சாயம் கலக்குறதுக்கும் அதையே வெச்சுக்குங்க.

"ஸ்டேஜ் தானா எறங்குது" / "திருகு அசையவே மாட்டேங்குது"

ஃபோகஸ் வெச்சுக் கையை எடுத்ததும் மெல்ல மெல்ல மங்குனா ஸ்டேஜ் எறங்குது. பெரிய திருகுக்கும் உடம்புக்கும் நடுவுல ஒரு வளையம் இருந்தா அதைக் கொஞ்சம் இறுக்குங்க. வளையம் இல்லாத மாடல் நெறையதுல ரெண்டு பக்கத்துப் பெரிய திருகையும் ரெண்டு கையால புடிச்சு எதிரெதிரா லேசா திருப்புனாலே இறுகிடும். லேசான்னா லேசாத்தான்.

இறுக்கமா இருந்தா கிரீஸ் காஞ்சிருக்கு. பல வருஷம் பெட்டிக்குள்ள கெடந்தது, ஓசூர், தளி பக்கம் மார்கழிக் குளிர்ல வெச்சது ரெண்டும் இப்படிப் புடிச்சுக்கும். குளிருன்னா வீட்டுக்குள்ள கொஞ்ச நேரம் வெச்சுப் பாருங்க, சில நேரம் அதுலயே விட்டுடும். பலம் போட்டுத் திருப்பாதீங்க, பல்லு பித்தளை, சின்னது, வழுக்கிடும். தேங்காய் எண்ணெய் விட்டுக் கொண்டு வர்றவங்க இருக்காங்க, குளிர்ல அதுவே ஒறைஞ்சு நிக்கும், வெயில்ல ஒழுகி லென்ஸுக்குப் போகும். தையல் மெஷின் எண்ணெயும் வேணாம். வெளிய தெரியுற பல்லுல பழசைத் தொடைச்சு கெட்டி கிரீஸ் கொஞ்சூண்டு தடவுற வரைக்கும் நாம பண்ணலாம். சின்ன திருகு கோளாறுன்னா உள்ள சின்னச் சின்னப் பல்சக்கரம், அது சர்வீஸ்காரர் வேலை, தெறக்காதீங்க.

"குளத்துத் தண்ணில ஒண்ணுமே இல்ல"

தண்ணி எடுத்த எடம் தப்பு. கிருஷ்ணகிரி கேஆர்பி டேம்ல நடுத்தண்ணி மொண்டாலோ ஒகேனக்கல்ல பாயுற தண்ணி புடிச்சாலோ பெருசா ஒண்ணும் மாட்டாது. ஜீவன் பெரும்பாலும் ஒட்டிக்கிட்டு வாழுறது, படிக்கட்டு மேல பச்சையா வழுக்குதே அதைச் சுரண்டுங்க, ஆகாயத்தாமரை வேரைப் பாட்டில்ல பிழியுங்க, ஏரில ஓரமா அழுகுற எலையைக் கொஞ்சம் அள்ளுங்க. மாடு வெச்சிருக்குற வீட்டுல அசோலா (தீவனத்துக்கு வளக்குற குட்டி மெதக்குற செடி) தொட்டி இருந்தா அதைவிட நல்ல எடம் கெடையாது, அசோலா எலையைப் பிச்சு நசுக்கிப் பாத்தா பாசிமணி கோத்த மாதிரி நீலப்பச்சைப் பாசியே தெரியும், அது எலைக்குள்ளயே குடியிருக்குறது. தென்பெண்ணைல கெலவரப்பள்ளி அணை கிட்ட நுரை வர்ற தண்ணியை எடுக்கணும்னா கையுறை போட்டுக்குங்க, சாக்கடையும் ஆலைக் கழிவும் சேந்தது.

ஓடிக்கிட்டே இருக்கு, நிக்க மாட்டேங்குதுன்னா பஞ்சைப் பிச்சு நாலஞ்சு இழை போட்டு அது மேல சொட்டு விடுங்க, இழைக்கு நடுவுல சிக்கி நிக்கும். கொஞ்ச நேரத்துல எல்லாம் செத்துப் போகுதுன்னா தண்ணி காயுது, பல்பு சூடும் சேருது, கவர் ஸ்லிப் ஓரம் நாலு பக்கமும் வாஸ்லின் தடவி மூடுங்க. பாட்டிலை மூடி போட்டு வெயில்ல வைக்காதீங்க.

பட்டுப்புழு வளக்குறவங்க புழுவை நசுக்கி எடுத்துக்கிட்டு "பெப்ரின் இருக்கான்னு பாருங்க"ன்னு வர்றாங்க. 1860-கள்ல லூயி பாஸ்டர் மல்லுக்கட்டுன அதே நோய்தான். 40 லென்ஸ், 15 ஐபீஸ் போட்டா 600 மடங்கு, அந்த நோய்க் கிருமியோட வித்து சுமார் 4 மைக்ரான் (ஒரு மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) நீளத்துல முட்டை வடிவத்துல பளபளன்னு தெரியும்கிறது உண்மைதான், ஆனா கொழுப்புத் துளியும் பூஞ்சை வித்தும் அச்சு அசல் அதே மாதிரி தெரியும். நாம பாத்து "இல்ல"ன்னு சொல்லி அடுத்த கூடும் போச்சுன்னா யாரு பதில் சொல்றது? புழுவோட நேரா பட்டு வளர்ச்சித் துறை ஆபீஸுக்கு அனுப்பிடுங்க. ரத்தம், மலம் டெஸ்ட்டும் அப்படித்தான், லேபுக்குப் போகச் சொல்லுங்க.

"மொபைல்ல ஃபோட்டோ எடுத்தா கறுப்பு வட்டம், இல்லன்னா கோடு கோடா ஓடுது"

கறுப்பு வட்டம்னா கேமரா சரியான தூரத்துல இல்ல. ஐபீஸுக்கு மேல வெள்ளைக் காகிதத்தைப் புடிச்சு மேல கீழ நகத்துங்க, வெளிச்சப் புள்ளி எங்க ரொம்பச் சின்னதா, கூர்மையா விழுதோ அங்கதான் கேமரா லென்ஸ் இருக்கணும். புது ஃபோன்ல இன்னொரு தொல்லை, பக்கத்துல போனதும் தானா மேக்ரோவுக்கு மாறி வேற கேமராவால பாக்கும், அதை ஆஃப் பண்ணிட்டு ரெண்டு மடங்கு ஜூம் வைங்க. கோடு ஓடுனா எல்இடி மினுக்குது, டிம்மரை ஃபுல்லா ஏத்திட்டு வெளிச்சம் ஜாஸ்தின்னா பல்பு மேல பட்டர் பேப்பர் வைங்க, அப்பவும் ஓடுனா ப்ரோ மோடுல ஷட்டரை 1/50 இல்லன்னா 1/100 வைங்க.

"ரெண்டு கண்ணு மாடல்ல பாத்தா தலைவலி"

ரெண்டு குழாயையும் உங்க கண்ணு அகலத்துக்கு நகத்தி ஒரே வட்டமா வர்ற வரைக்கும் கொண்டு வாங்க. அப்புறம் திருப்புற வளையம் இல்லாத பக்கத்துக் கண்ணால மட்டும் பாத்து ஃபோகஸ் வெச்சு, மத்த கண்ணுக்கு அந்த வளையத்தை மட்டும் திருப்பித் தெளிவாக்குங்க. அதுக்கப்புறமும் ரெண்டு படமா தெரிஞ்சா உள்ள பிரிசம் நகர்ந்திருக்கு, எங்கயோ விழுந்திருக்கும். இதுல வீட்டு வைத்தியம் எதுவும் இல்ல, நேரா சர்வீஸ்.

"லென்ஸுக்குள்ள சிலந்தி வலை"

ஃபங்கஸ். நம்ம பக்கம் வருஷம் பூரா வறட்சிதான், ஆனா ஐப்பசி கார்த்திகை மழைல பெட்டியை மூடி வெச்சுட்டு தை மாசம் தெறந்தா வந்துடும், அதுவும் உள்ள ஸ்பாஞ்சு போட்ட மரப்பெட்டி ஈரத்தை நல்லா புடிச்சு வெச்சுக்கும். டப்பர்வேர் மாதிரி இறுக்கமான டப்பால லென்ஸ், ஐபீஸைத் தனியா கழட்டி, சிலிக்கா ஜெல் போட்டு வைங்க, நெறம் மாறிப் போச்சுன்னா ஜெல்லை வாணலில வறுத்துத் திரும்பப் போடலாம், சமைக்கிற வாணலில இல்ல. வெளிப்பக்க வலைன்னா ஆல்கஹால் டிஷ்யூல போயிடும். ஐபீஸ் உள்பக்கம்னா மேல் மூடியைத் திருகிக் கழட்டி, எந்தக் கண்ணாடி எந்தப் பக்கம் பாத்து இருந்துச்சுன்னு ஃபோட்டோ எடுத்துக்கிட்டு தொடைக்கலாம். 40, 100 லென்ஸ் உள்பக்கம்னா தெறக்காதீங்க, உள்ள கண்ணாடிக்கு நடுவுல இருக்குற இடைவெளி ஒரு மயிரிழை மாறினாலும் அந்த லென்ஸ் அவ்வளவுதான்.

"100 லென்ஸ்ல எதுவும் தெரியல"

எண்ணெய் விட்டீங்களா? இமெர்ஷன் ஆயில், வேற எதுவும் இல்ல. கண்டென்சர் முழு உயரத்துக்கு இருக்கணும், ஸ்லைடு காஞ்ச ஸ்லைடா இருக்கணும், சொட்டுத் தண்ணி ஸ்லைடுல கவர் ஸ்லிப் எண்ணெயோட ஒட்டிக்கிட்டு லென்ஸ் பின்னாடியே வரும். முடிச்சதும் அன்னிக்கே தொடைங்க. வெளையாட்டா ஆரம்பிக்கிறவங்களுக்கு 100 தேவையே இல்ல, வருஷக்கணக்கா 10-ம் 40-ம் போதும்.

சர்வீஸுக்குத்தான் போகணும்னு ஆச்சுன்னா

போறதுக்கு முன்னாடி ஃபோன் பண்ணி "மங்கலா இருக்கு"ன்னு மட்டும் சொல்லாதீங்க, எந்த லென்ஸ்ல, ரெடிமேட் ஸ்லைடுலயும் அப்படித்தானா, வேற மைக்ராஸ்கோப்புல மாட்டிப் பாத்தீங்களா, இந்த மூணையும் சொன்னா அவரே அங்க இருந்து வர வேணாம்னு சொன்னாலும் சொல்வாரு. செலவு எவ்வளவுன்னு முன்னாடியே கேளுங்க, புது மெஷின் வெலைல பாதிக்கு மேல போச்சுன்னா யோசிங்க. எடுத்துக்கிட்டுப் போறப்போ ஐபீஸையும் லென்ஸையும் கழட்டித் தனித்தனியா துணில சுத்துங்க, லென்ஸ் ஓட்டைகளையும் குழாய் வாயையும் டேப் போட்டு மூடுங்க, ஸ்டேஜைக் கீழ எறக்கி நடுவுல துணி அடைங்க, கண்ணாடி மாடல்னா அந்தக் கண்ணாடி சும்மா சொருகித்தான் இருக்கும், அதையும் உருவி எடுத்துடுங்க. தொப்பூர் கணவாய்ல பஸ் போடுற ஆட்டத்துக்கு மேல லக்கேஜ் கேரியர்ல வைக்காம மடில வெச்சுக்குங்க, டிக்கெட் கேட்டா குடுத்துடுங்க.